35 வயதுவரை பொறுக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது, கலியாணமாகி ஒரு வருடம். இரண்டு மாதமாக, கணவரோடு சேர்ந்த பிறகு இடைக்கிடை இரத்தம் படுகிறது. மாமியிடம் பட்டும் படாமலும் சொன்னேன், உடம்புச் சூடு, செவ்விளநீர் குடி என்றார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது. பாப் பரிசோதனை 35 வயதில்தான் என்கிறார்களே, அதுவரை பொறுக்கலாமா?
- பெயர் வேண்டாம், சாவகச்சேரி

பதில்: பொறுக்கவே வேண்டாம் தங்கச்சி, இந்தக் கிழமையே டொக்டரிடம் போங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் கூப்பிட்டுப் பார்ப்பது ஒரு குறிகுணமும் இல்லாத பெண்களை. உங்களுக்கோ இரத்தம் படுகிறது, அந்த வயதுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வயது காணாது என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், 'இரத்தம் படுகிறது, ஏன் என்று பாருங்கள்' என்று அடித்துச் சொல்லுங்கள். (செவ்விளநீரைக் குடியுங்கள், வெயிலுக்கு நல்லது. இதற்கு மருந்தல்ல.)

சரி, பயத்துக்கு வருவோம். உங்கள் வயதில் இப்படிப் படுவதற்குப் பெரும்பாலும் காரணம் கிருமித்தொற்று, கருப்பைக் கழுத்தில் வளரும் சின்னத் தசை, இல்லாவிட்டால் கழுத்தின் உட்பக்க மென்படலம் வெளியே தெரிந்து உரசுப்படுவது. கர்ப்பத்தடை மாத்திரை எடுத்தால், அல்லது நாள் தள்ளிப் போயிருந்தால் அதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோய் அநேகமாக எச்.பி.வி என்ற வைரஸால் வருவது. தொற்றியவர்களில் அநேகருக்கு ஓரிரண்டு வருடத்தில் அது தானாகவே போய்விடும், போகாமல் தங்கினாலும் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து முதல் இருபது வருடம் எடுக்கும். அதனால் இளம் வயதில் அரிது, ஆனாலும் பார்க்காமல் 'இல்லை' என்று யாராலும் சொல்ல முடியாது. டொக்டரிடம் போனால் நேரே தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று இப்போதே யோசித்து நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

பரிசோதனை சில நிமிட வேலை. ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கழுத்தை நேரே பார்ப்பார்கள், தேவையென்றால் சின்னத் தூரிகையால் தடவி எடுப்பார்கள் (அதுதான் பாப்), கொஞ்சம் அந்தரமாக இருக்கும், அவ்வளவுதான். பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்பதில் ஒரு பிழையும் இல்லை, எங்கே இருப்பார் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரே சொல்வார். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பாப் றிப்போட் நல்லது என்று வந்தும் இரத்தம் நிற்கவில்லை என்றால் திரும்பப் போங்கள், பெண்நோயியல் நிபுணர் பார்க்க வேண்டும்.

அப்புறம், எச்.பி.வி தடுப்பூசி. இங்கே தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு அது 2017இல்தான் தொடங்கியது, உங்களுக்குக் கிடைத்திருக்காது. இப்போது போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், ஆனால் ஏற்கெனவே வந்த தொற்றை ஊசி மாற்றாது, அதனால் முதலில் பரிசோதனை.