அண்ணனிடம் முதலில் யார் போவது?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார். "அப்பா விட்டுப்போன விசைப்படகு எனக்கும் அண்ணனுக்கும் பொது. போன மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மராமத்து பார்த்தோம். செலவைக் கூட்டிக் காட்டிவிட்டார் என்று சங்கத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த மாதம் அவர் மகளுக்குப் புதுநன்மை (முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்கு). சாமியார் மன்னித்துவிடு என்கிறார். கணக்கையும் விட்டுவிடணுமா? நான்தான் முதலில் போகணுமா?"

பதில்: நீங்கள்தான் போக வேண்டும். கணக்கை விட வேண்டியதில்லை.

மத்தேயு 5:23-24-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உங்கள் சகோதரருக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய்யச் சொல்கிறார் இயேசு. உங்களுக்கு அவர்மேல் உள்ள குறையை அங்கே இயேசு கேட்கவே இல்லை. அதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், பல நாள் நடை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறிப் போய், பூசை தொடங்குமுன் திரும்பி வருவது மாதிரி. அவ்வளவு அவசரம் அந்த வேலைக்கு.

உங்களிடம் இரண்டு விஷயம் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கிறது: சங்கத்தில் சொன்ன சொல் ஒன்று, மராமத்துக் கணக்கு இன்னொன்று. கலாத்தியர் 6:1-இல் தவறியவரைத் திருத்திச் சேர்க்கச் சொல்லும் பவுல் எழுதிய கிரேக்க வினைச்சொல்லும், செபதேயுவின் மக்கள் படகில் வலை பழுது பார்த்ததை மத்தேயு 4:21 சொல்லும் வினைச்சொல்லும் ஒன்றே. உங்களுக்குத் தெரியாததா? கிழிந்த இடத்தை அப்படியே இழுத்து முடிச்சுப் போட்டால் வலைக்கண் சுருங்கிவிடும். பிய்ந்த ஓரத்தை முதலில் வெட்டிச் சீராக்கி, பிறகுதான் கண் கண்ணாகப் பின்ன வேண்டும்.

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்யுங்கள். தனியாகப் போங்கள், மத்தேயு 18:15 சொல்லும் முதல் படி அதுதான். நம் கரையில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் சங்கம், பிறகு ஸ்டேஷன், கடைசியில்தான் வீட்டுத் திண்ணை. (கைகலப்பு வரும் என்ற பயம் இருந்தால் மட்டும் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.) படகு கரைக்கு வந்த அசதியில், குடித்த நேரத்தில் வேண்டாம். "அண்ணே, சங்கத்துல அப்படிப் பேசினது தப்பு. தெரியாம பேசினேன்னு சொல்லமாட்டேன், கோபத்துல பேசினேன். அங்கேயே வந்து தப்புன்னு சொல்றேன்." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்" என்று ஆரம்பித்தால் போன காரியம் கெட்டுப்போகும். சொன்னபடி சங்கத்திலும் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் போன மானம் திண்ணையில் மட்டும் திரும்பாது.

கணக்குக்கு இன்னொரு நாள். மரம், பெயின்ட், மெக்கானிக் கூலி என்று இருக்கிற சீட்டையெல்லாம் இருவரும் எடுத்து வையுங்கள். இருவருக்கும் பொதுவான அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழு) பெரியவர் ஒருவர் உட்காரட்டும். முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மன்னித்ததாலேயே கூட்டுத்தொழிலைத் தொடர வேண்டும் என்று எந்த வசனமும் கட்டாயப்படுத்தவில்லை. தொடக்கநூல் 13-இல் மேய்ச்சல் சண்டை முற்றியபோது, "உனக்கு வேண்டிய பக்கத்தை எடுத்துக்கொள்" என்று தன் சகோதரர் மகன் லோத்துக்கு விட்டுக்கொடுத்துப் பிரிந்தார் ஆபிராம். அடுத்த அதிகாரத்தில் லோத்து சிறைபிடிக்கப்பட்டதும் 318 ஆள்களோடு ஓடி மீட்டவரும் அவரே. படகைப் பிரித்துக்கொண்டும் அண்ணன் தம்பியாக இருக்கலாம்.

அவர் கதவே திறக்காவிட்டால், உங்கள் பங்கைச் செய்துவிட்டுக் காத்திருங்கள். புதுநன்மைக்கு அழைப்பு வராவிட்டாலும் பூசைக்குப் போங்கள். கோயில் எல்லாருக்கும் பொது. பிள்ளை நெற்றியில் சிலுவை போட்டு ஆசி கொடுத்துவிட்டு, விருந்துக்கு நிற்காமல் வாருங்கள்.