ஹலோ கேட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,
இறுதியாண்டு புராஜெக்டுக்காக டவரோ ரூட்டரோ இல்லாமல், நகரும் வண்டிகளை இணைக்கும் அட்-ஹாக் நெட்வொர்க் செய்கிறோம். என்எஸ்-2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில், ஏஓடிவி என்ற வழி தேடும் புரோட்டோகால் 96 சதவீத பாக்கெட்டுகளைச் சேர்த்தது. ஆறு பைக்குகளில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் கட்டி மைதானத்தில் ஓட்டினால் பாதிகூடச் சேரவில்லை. ஒவ்வொரு வண்டியும் ஒரு நோடு; எந்த நோடு வழியாக அனுப்புவது என்ற பட்டியலான ரூட் டேபிளில் மட்டும் பக்கத்து நோடு இருப்பதாகவே காட்டுகிறது. ஓஎல்எஸ்ஆர் என்ற வேறு புரோட்டோகாலுக்கு மாறலாமா? பவரைக் கூட்டலாமா?
ச.

அன்புள்ள ச.,

சிமுலேஷன் வரைபடத்தோடு நிற்காமல் மைதானத்துக்குப் போனீர்களே, மனம் நிறைந்தது. ஆனால் அங்கே கண்ணில் பட்டதை விட்டுவிட்டு புரோட்டோகாலை மாற்றக் கிளம்புவது சுத்த அவசரம். பவர் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். "பக்கத்து நோடு இருப்பதாகவே காட்டுகிறது" என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, உங்கள் சிக்கல் மொத்தமும் அந்த வரியில்தான் இருக்கிறது.

அது இருப்பதாக யார் சொன்னது? ஹலோ பாக்கெட், அதாவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒவ்வொரு நோடும் அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி. அது எல்லோருக்குமான அறிவிப்பு என்பதால் பெரும்பாலும் 6 மெகாபிட் வேகத்தில் போகிறது. அதைப் பிடிக்க -82 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடும்) சிக்னல் போதும் என்கிறது வைஃபை தரநிலை. 54 மெகாபிட் டேட்டாவுக்கோ -65 வேண்டும். இடைவெளி 17 டெசிபல். மரமும் கட்டடமும் உள்ள இடத்தில் ஹலோ 150 மீட்டர் எட்டினால் டேட்டா 40 மீட்டரிலேயே படுத்துவிடும். ரேட்டைத் தானாக இறக்கும் அல்காரிதம் உண்டுதான். பாக்கெட்டுகள் தோற்ற பிறகே அது இறங்கும். அதற்குள் பைக் நகர்ந்திருக்கும். 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் சோதித்தவர்கள் இந்த இடைப்பட்ட பகுதிக்குச் சாம்பல் மண்டலம் என்றே பெயர் வைத்தார்கள். என்எஸ்-2இன் வழக்கமான மாடலில் ஹலோவுக்கும் டேட்டாவுக்கும் ஒரே 250 மீட்டர் வட்டம். அந்த வட்டத்தை நம்பி 96 என்று எழுதாதீர்கள்.

ஓஎல்எஸ்ஆர் இதை இன்னும் கெடுக்கும். ஏஓடிவியில் ஹலோ 1 வினாடிக்கு ஒன்று, இரண்டு தவறினால் இணைப்பு போனதாகக் கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டரில் அதற்குள் 20 மீட்டர் போயாகிவிட்டது. இணைப்பு போனதாகக் கணக்கிட ஓஎல்எஸ்ஆரின் இயல்பு அளவு 6 வினாடி, அதாவது 60 மீட்டர். எதிரெதிரே போகும் பைக்குகளுக்கு இடையே 120 மீட்டர்.

ஐபிஎஸ்எஸ்-இல் (வைஃபையின் அட்-ஹாக் முறையில்) சேரும் கட்டளையிலேயே, எல்லோருக்குமான அறிவிப்புகளின் வேகமான எம்காஸ்ட்-ரேட்டை 24 மெகாபிட் ஆக்குங்கள், டேட்டா ரேட்டையும் 24இல் கட்டுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான் எட்டும். சில டிரைவர்கள் கட்டளையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். காற்றில் போகும் எல்லாப் பாக்கெட்டையும் பிடிக்கும் மானிட்டர் மோடில் ஒரு மடிக்கணினி வைத்துச் சரிபாருங்கள். தொடர்ந்து மூன்று ஹலோ, அதுவும் -70க்கு மேல் கேட்டால் மட்டுமே நோடைச் சேருங்கள். பாக்கெட் கிடைத்ததற்கான ஒப்புகை (அக்) வராமல் மறுமுயற்சிகள் தீர்ந்தால் ஹலோவுக்குக் காத்திராமல் ரூட்டை வெட்டுங்கள். ஆறு ராஸ்பெர்ரி பையும் ஒரே நொடியில் கத்தினால் ஹலோக்கள் மோதிக்கொள்ளும். அனுப்பும் நேரத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள்.

அதற்கும் முன், பைக் வேண்டாம். ஒரு ராஸ்பெர்ரி பையை நிறுத்திவைத்து, மற்றதோடு 5 மீட்டருக்கு ஒருமுறை நின்று, வந்த ஹலோவையும் 1500 பைட் பாக்கெட்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.