நார் இல்லாத பீன்ஸ் மரபணு மாற்றப்பட்டதா?

கேள்வி இது: "கொடைக்கானல் பக்கம் பாட்டி வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கொடி பீன்ஸில் நார் உரித்தால் நூல் மாதிரி முழுசாக வரும். சென்னையில் வாங்கும் பீன்ஸில் நாரே இல்லை. இது மரபணு மாற்றிய பீன்ஸா? பாட்டி வருஷாவருஷம் எடுத்து வைக்கும் விதையால் இனி ஏதாவது பயன் உண்டா?"

முதல் பாதிக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. இந்தியாவில் அனுமதி பெற்று வணிக அளவில் வயலில் நிற்கும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு வரும் பீன்ஸ் அந்தக் கணக்கில் வராது. இரண்டாவது பாதிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. நான் பயிர்ப் பெருக்கம் படித்தவன். ஒரு மலைப்பகுதிப் பண்ணையில் இரண்டு பருவம் பீன்ஸில் கலப்பு செய்திருக்கிறேன். எங்கள் பேச்சில் "கிராஸ் போடுவது".

முதலில் நார் எதற்கு இருக்கிறது என்று பார்ப்போம். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளிலும் காட்டு பீன்ஸ் இன்றும் புதர்கள் மேல் படர்ந்து கிடக்கிறது. காய் முற்றிக் காய்ந்ததும் இரண்டு ஓடுகளும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு வெடிக்கும்; விதை தள்ளிப் போய் விழும். அந்த முறுக்கும் வெடிப்பும் காயின் ஓரங்களில் ஓடும் நாராலும் ஓட்டுக்குள் இருக்கும் நார்ப் படலத்தாலும் நடக்கின்றன. செடிக்கு அது பிள்ளைகளைத் தூரமாக அனுப்பும் வழி. மனிதருக்கோ விதை மண்ணில் சிதறினால் நஷ்டம். ஆகவே வெடிக்காத காயையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பொறுக்கி விதைத்து வந்திருக்கிறார்கள். வெடிப்பது குறைந்த பிறகும் ஓர நார் மட்டும் தங்கிவிட்டது. அமெரிக்காவில் இந்தக் காய்க்கு "நார் பீன்ஸ்" என்றே ஒரு பெயர் உண்டு.

அந்த நாரையும் போக்கியவர் நியூயார்க் மாநிலத்தின் லே ராய் ஊரைச் சேர்ந்த கால்வின் கீனி. வயலில் நார் குறைந்த செடிகளைத் தேடித் தேடி விதை எடுத்தார். 1894-இல் அவருடைய நாரில்லாத பச்சைக் காய் ரகத்தை பர்ப்பி விதை நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. "மரபணு" என்ற சொல்லே பிறக்காத காலம் அது. கண்ணும் விரலும் பொறுமையும்தான் அவருடைய ஆய்வுக்கூடம். நாரின்மை பெரும்பாலும் ஒரே ஓங்கு மரபணுவின் (தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குணத்தைக் காட்டிவிடும் மரபணு) வேலை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. கூடவே வெப்பத்துக்கு ஆடும் இன்னொரு மரபணுவும் உண்டு. அது இருக்கும் செடியில், வெயில் ஏறினால் காயின் ஒரு பகுதியில் மட்டும் நார் திரும்பத் தலைகாட்டும். கோடையில் வாங்கிய "நாரில்லாத" பீன்ஸில் அங்கங்கே நார் தட்டுப்பட்டால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

மரபணு என்ற சொல்லுக்கும் பீன்ஸுக்கும் உறவு உண்டு. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சன் "பிரின்சஸ்" என்ற பீன்ஸ் ரகத்திலிருந்து 19 தூய வழிகளை, அதாவது ஒவ்வொன்றும் ஒரே செடியிலிருந்து வந்த வம்சங்களை, பிரித்தார். ஒரே வழிக்குள் பெரிய விதையை மட்டும் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை நகரவில்லை. கண்ணுக்குத் தெரியும் பருமன் வேறு, வழிவழியாக இறங்கும் சரக்கு வேறு என்று 1903-இல் சொன்னார். 1909-இல் "ஜீன்" என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரும் அவரே. மெண்டலின் பட்டாணிக்குக் கிடைத்த புகழில் பாதிகூட பீன்ஸுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி என் கதை. மெலிந்த சிறு கறுப்பு விதை கொண்ட ஒரு ரகத்தின் நோய்த் தாங்கும் தன்மையை, பருத்த விதை கொண்ட ஒரு காய்கறி ரகத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த வேலை. பீன்ஸ் தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்ளும் செடி. பூ விரிவதற்கு முன்பே உள்ளே காரியம் முடிந்துவிடும். அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டை இன்றே பிடிக்க வேண்டும். பூவின் உள் இதழ் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். சூலகமுடியும் அதற்குள் சுருண்டே கிடக்கும். இடுக்கியால் இதழைக் கிழிக்காமல் விலக்கி, மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, தந்தைச் செடியின் விரிந்த பூவிலிருந்து மகரந்தம் அப்பிய சூலகமுடியைக் கிள்ளி எடுத்து இதில் கொக்கி போல மாட்டிவிட வேண்டும். பண்ணையில் வேலை பார்த்த ஓர் அக்காதான் எனக்குக் கை பழக்கியவர். "மொட்டு இன்னும் பச்சையா இருக்கு தம்பி, வெளுக்கட்டும், நாளைக்கு எடுங்க" என்பார். அவர் சொன்ன மொட்டுகள் காய் பிடித்தன. நான் அவசரப்பட்டவை உதிர்ந்தன.

தாய் வெள்ளைப் பூ, தந்தை ஊதாப் பூ. ஊதா ஓங்கு தன்மை. எனவே கலப்பு விதையில் முளைத்த செடி ஊதாவாகப் பூத்தால் கிராஸ் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஊதாப் பூவைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். எண்ணி எடுத்த விதைகள் எல்லாம் அழகாக முளைத்தன. முதல் இரண்டு இலை வரைக்கும் குறையே இல்லை. அதற்குப் பிறகு வளர்ச்சி நின்றது. இலை மஞ்சளாகிச் சுருங்கியது. தண்ணீர் கூடிவிட்டதோ என்று குறைத்தேன். வேரழுகலோ என்று ஒன்றைப் பிடுங்கினேன். அழுகல் இல்லை, வேரே ஒழுங்காகப் பிடித்திருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அத்தனையும் போயின. ஒரு பருவத்து உழைப்பு. வழிகாட்டியிடம் சொல்லக் கூசி நான்கு நாள் அலைந்தேன். கடைசியில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்பா விதையும் அம்மா விதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தியா?"

விதைப் பருமனில் இருந்த அந்த வித்தியாசத்தில்தான் விடை இருந்தது. பீன்ஸ் ஒரே இனம் என்றாலும் இரண்டு குடும்பம். காட்டுச் செடிகள் மெக்சிகோ பக்கம் ஒன்றும் ஆண்டிஸ் பக்கம் ஒன்றுமாகச் சுமார் 1,65,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு இடத்திலும் மக்கள் தனித்தனியாக அதைப் பயிராக்கினார்கள்; ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஆண்டிஸ் வகை ஒன்றின் முழு மரபுத்தொகுதி 2014-இல் வெளியானது. 11 ஜோடி குரோமோசோம், சுமார் 58.7 கோடி டிஎன்ஏ எழுத்து. அதற்கு வெகு காலம் முன்பே, 1980-களில், பால் கெப்ட்ஸ் விதைப் புரதமான ஃபெசியோலினை வைத்தே இந்த இரு குடும்பங்களையும் பிரித்துக் காட்டியிருந்தார். மெக்சிகோ பக்கத்து விதையில் புரதம் ஒரு வடிவம், ஆண்டிஸ் பக்கத்தில் வேறு வடிவம்.

என் நாற்றுகளைக் கொன்றதும் இந்தப் பிரிவுதான். சிறு விதைத் தந்தை மெக்சிகோ குடும்பம், பருத்த விதைத் தாய் ஆண்டிஸ் குடும்பம். மெக்சிகோ குடும்பத்தின் பல ரகங்களில் டிஎல்-1 என்ற மரபணு வடிவமும், ஆண்டிஸ் குடும்பத்தின் பல ரகங்களில் டிஎல்-2 என்ற வடிவமும் உண்டு. தனித்தனியாக இரண்டும் சாது. ஒரே செடியில் சேர்ந்தால் ஒன்று வேரிலும் மற்றது தண்டிலும் வேலை செய்து, செடி குன்றிப்போகும். வெப்பம் கூடினால் செத்தே போகும். பல காலம் பிரிந்து வாழ்ந்த இரண்டு வீட்டுப் பழக்கம் ஒரு சமையற்கட்டில் ஒத்துப்போகாத மாதிரி. தப்பு என் தண்ணீரில் இல்லை என்று தெரிந்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அடுத்த பருவம் டிஎல்-2 இல்லாத, பருத்த விதை கொண்ட ஒரு ரகத்தைத் தாயாக வைத்தோம். ஊதாப் பூ பூத்தது.

மரபணு மாற்றிய பீன்ஸ் உலகத்திலேயே இல்லையா என்றால், இருக்கிறது, பிரேசிலில். அங்கே வெள்ளை ஈ பரப்பும் தங்க மொசைக் வைரஸ் வயலையே மஞ்சளாக்கிவிடும். அதை முழுமையாகத் தாங்கும் பீன்ஸ் கையில் இருக்கவில்லை. அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா, வைரஸின் ஒரு மரபணுத் துண்டைக் கொண்டே அந்த வைரஸ் பெருகாமல் அடக்கும் ஆர்என்ஏ முறையில் ஒரு பீன்ஸை உருவாக்கியது. 2011-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. பிரேசில்காரர்களுக்கு பீன்ஸ் என்றால் சோற்றோடு தினமும் சேரும் குழம்பு. அந்த முயற்சியின் அவசரம் எனக்குப் புரிகிறது. அது நம் சந்தைக்கு வரும் பச்சைக் காய் அல்ல, உலர்ந்த பருப்பு வகை.

மற்றபடி பீன்ஸில் நடக்கும் பெரிய வேலைகள் எல்லாம் பழைய முறைக் கலப்புதான். ருவாண்டாவில் இரும்புச்சத்து கூடிய பீன்ஸை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். சாதாரண பீன்ஸில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் அளவில் இரும்பு, இலக்கு 94. அங்கே கல்லூரிப் பெண்களிடம் நடந்த சோதனையில் உடலின் இரும்பு இருப்பு உயர்ந்தது. இன்னொரு முயற்சி சறுக்கியது. இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட்டைக் குறைத்த பீன்ஸைக் கொடுத்தபோது சாப்பிட்ட பெண்களுக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. தோற்ற முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

வெப்பம்தான் அடுத்த கவலை. இரவில் 20 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகிக் காய் பிடிப்பது குறையும். நம் ஊரில் பீன்ஸ் ஊட்டி, கொடைக்கானல் என்று மலையேறி நிற்பதற்கும் காரணம் அதுவே. மெக்சிகோவின் வடமேற்குப் பாலைவனத்தில் வளரும் டெப்பரி என்ற உறவுக்கார பீன்ஸ் அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் இரண்டையும் கலந்தால் விதைக்குள் கரு பாதியில் செத்துவிடும். அந்தக் கருவைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊட்டம் கொடுத்துக் காப்பாற்றி, திரும்பத் திரும்பக் கலந்தார்கள். கொலம்பியாவின் காலி நகரருகே இருக்கும் சியாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையம், வெப்பம் தாங்கும் சுமார் 30 பீன்ஸ் வகைகளை 2015-இல் அறிவித்தது. டெப்பரியின் உறவு அவற்றில் சிலவற்றில் இருக்கிறது.

இப்போது பாட்டியின் விதைக்கு வருகிறேன். 1994-இல் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஒரு விதை வணிகர் மெக்சிகோவில் ஒரு பை பீன்ஸ் வாங்கினார். அதிலிருந்த மஞ்சள் விதைகளைப் பிரித்துச் சில தலைமுறை விதைத்தார்; 1999-இல் "எனோலா" என்ற பெயரில் அந்த மஞ்சள் பீன்ஸுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மெக்சிகோ விவசாயிகள் காலங்காலமாக உண்ட மஞ்சள் பீன்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பியவர்கள் அவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று வழக்குப் போட்டார். படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சியாட் 2000-இல் எதிர்த்து மனு கொடுத்தது. தன் விதை வங்கியில் அதே மஞ்சள் பீன்ஸ் முன்பே பதிவாகி இருந்ததைக் காட்டியது. 2004-இல் கெப்ட்ஸின் குழு மரபுக் கைரேகை எடுத்துப் பார்த்தது. எனோலாவின் கைரேகையும் மெக்சிகோவின் அசுஃப்ராடோ பெருவானோ 87 ரகத்தின் கைரேகையும் ஒன்றாக இருந்தன. காப்புரிமை கடைசியாக விழுந்தது 2009-இல். பத்து ஆண்டு! அதுவும் யாரோ ஒருவர் விதையை டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எழுதி வைத்திருந்ததால்.

ஆகவே உங்கள் பாட்டியின் விதையை விட்டுவிடாதீர்கள். நார் இருப்பது குறை இல்லை. நாரில்லாத ரகத்தோடு கிராஸ் போட்டால் சில தலைமுறையில் நார் போய்விடும். அந்தச் செடி உங்கள் மலையின் பனியையும் மழையையும் நோயையும் தாங்கி இத்தனை வருஷம் காய்த்திருக்கிறதே, அந்தக் குணம் வேறு எங்கும் கிடைக்காமல் போகலாம். நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு சீட்டில் ஊர், வருஷம், பூவின் நிறம், பாட்டிக்கு அந்த விதை யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதி உள்ளே போடுங்கள்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். 100 விதையை எண்ணிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 25 கிராமுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் மெக்சிகோ குடும்பம். 40-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் ஆண்டிஸ். எடை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முதல் துப்பு அதுதான். எடையையும் விதையின் நிறத்தையும் இங்கேயே கருத்தில் எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.