ஜப்பானில் நன்றி சொல்ல 'அரிகாதோ' மட்டும் போதுமா?

வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் 'அரிகாதோ கொஸாய்மஸ்' ஒன்றே எல்லா இடத்துக்கும் பொருந்தும். வெறும் 'அரிகாதோ' நண்பர்களுக்கும் வயதில் சிறியவர்களுக்கும். மேலதிகாரியிடமோ முன்பின் தெரியாத பெரியவரிடமோ அப்படி நிறுத்திவிடாதீர்கள். 'தோமோ' இன்னும் லேசு. கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது தலையசைத்துச் சொல்வார்கள். மரியாதை கூட்ட வேண்டுமானால் 'தோமோ அரிகாதோ கொஸாய்மஸ்'. உதவி நடந்து முடிந்துவிட்டதென்றால் கடைசியில் 'மஸ்' போய் 'மஷிதா' வரும். வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'ஓன்ரெய் மோஷிஅகெமஸ்' வரை ஏறலாம்.

இவ்வளவும் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு உதவிக்கு எத்தனை தடவை நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஒசாகாவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. வெளிநாட்டவர் என்றதுமே சில உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். எங்கள் பிரிவு சீனியர் ஒருவர் அரை நாள் லீவு போட்டு, தரகர் அலுவலகத்துக்கு என்னோடு வந்தார். ஒப்பந்தத்தை வரிவரியாக எளிய ஜப்பானியத்தில் விளக்கினார். வீடு முடிந்தது. அங்கேயே குனிந்து நன்றி சொன்னேன். நம் ஊரில் என்றால் அதோடு சரி. ஆனால் சென்னையில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, வேறு பேச்சு எடுப்பதற்கு முன்னால், அந்த நன்றியை மறுபடியும் சொல்லிவிடு.

மறுநாள் காலை அவர் மேசைக்குப் போய், 'கினோ வா ஹொந்தோனி அரிகாதோ கொஸாய்மஷிதா' (நேற்றைக்கு உண்மையிலேயே ரொம்ப நன்றி) என்றேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். 'ஈஏ ஈஏ' (அதெல்லாம் ஒன்றுமில்லை) என்று கையை ஆட்டினார். (நன்றிக்குப் பதிலாகப் பாடப்புத்தகத்தில் வரும் 'தோ இதாஷிமஷிதே'யை அலுவலகத்தில் நான் கேட்டது அபூர்வம்.) வீட்டுக்குச் சாமான் எல்லாம் வாங்கியாயிற்றா என்று விசாரித்தார். வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவர் மனைவி சொல்லச் சொன்னதாக எனக்கு நன்றி வந்தது! அதற்குப் பிறகு குழுவில் எல்லோரும் என்னிடம் தயங்காமல் பேச ஆரம்பித்தார்கள். அந்த டீச்சருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு வார்த்தைகள். உங்களுக்காக ஒருவர் சிரமப்பட்டால், லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால்கூட, 'சுமிமசேன்' என்பதே நன்றியாகும். மன்னிப்புக் கேட்கவும் அதே சொல்தான், குழம்ப வேண்டாம். வேலை முடிந்து கிளம்பும்போது, உழைப்புக்கு நன்றி என்ற பொருளில், 'ஓட்ஸுகாரேசமா தெஸ்' சொல்லுங்கள். அதே பொருளில் வரும் 'கோகுரோசமா' மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது, மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள்.

'எல்லாம் வெளிவேஷம், மனசில் ஒன்றும் இருக்காது' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எனக்காக லீவு போட்டு வந்தவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை வேஷம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. டோக்கியோவில் வெளிநாட்டு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு அனுபவம் வேறாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 (எளியது) முதல் என்1 (கடினமானது) வரை எந்த நிலையிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. எழுத்து, சொற்கள், இலக்கணம், வாசிப்பு, கேட்டல், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு 'என்3 முடித்தால் வேலை நிச்சயம்' என்று நம் ஊரில் பணம் வாங்குகிறார்கள். என் சித்தி பையன் அப்படிக் கட்டினான். 'கான்ஜி' என்ற சீன வழி ஜப்பானிய எழுத்துகளை அச்சுப் போல எழுதுவான். நேர்காணலில் முதல் கேள்விக்கே பேச்சு வரவில்லை. வகுப்பில் அவனை ஒரு நாளும் வாய் திறக்க விட்டதில்லை. போய்க் கேட்டால் 'சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோமே' என்கிறார்கள். வயிறு எரிகிறது. நீங்கள் எங்காவது சேருவதாக இருந்தால், முதலில் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பாருங்கள். மாணவர்கள் பேசும் சத்தம் கேட்கவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.