பூர்வீக வீடு கைமாறும்போது வரும் அழுகை

அழுகை வருவதால் உங்கள் தியானம் தோற்றுவிடவில்லை. எல்லாம் அநித்தியம் என்று தினமும் சொல்லிக்கொண்டும், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள பூர்வீக வீட்டைப் பங்காளிகள் விற்கப்போவதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்கிறீர்கள். அந்தச் சொல்லை வைத்தே துக்கத்தை அமுக்கப் பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

புத்தர் இரண்டு அம்புகளைச் சொன்னார். உடம்பில் வலி, அது முதல் அம்பு. அதை நினைத்துப் புலம்புவது நாமே வாங்கிக்கொள்ளும் இரண்டாவது. அவர் பேசியது உடல்வலியைப் பற்றித்தான். வீட்டை இழப்பதற்கும் இது பொருந்தும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

இன்று இரவு இதைச் செய்து பாருங்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தை ஒட்டிய இடத்தில், அந்த ஆத்தங்குடிக் கல் தரையிலேயே உட்காருங்கள். பாதத்தில் கல்லின் குளிர்ச்சி தெரியட்டும். நீண்ட மூச்சை நீண்டது என்றும் குறுகியதைக் குறுகியது என்றும் கவனியுங்கள். நெஞ்சு அடைத்தால் விரட்ட வேண்டாம், அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். "அப்பச்சி இருந்தால் விடுவாரா", "நாளைக்கு ஊர் என்ன சொல்லும்" என்று கதை ஓடத் தொடங்கும் இடம்தான் இரண்டாவது அம்பு. அங்கே மூச்சுக்குத் திரும்புங்கள்.

ஒன்று மட்டும்: மனம் அமைதியானதும் 'எல்லாம் போகட்டும்' என்று பாகப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வக்கீல் படித்துப் பார்க்கட்டும். தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள்.