பழைய பைத்தானோடு மல்லுக்கட்டும் மகள்

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு முதல் வேலையிலேயே பைத்தான் என்ற கணினி மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இல் எழுதிய நிரலைப் (புரோகிராமை) புதிய பதிப்பான பைத்தான் 3-க்கு மாற்றும் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள், "ஒட்டடை அடிக்கவா இத்தனை படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் வேலையை மாற்றச் சொல்லி அவளை நெருக்காதீர்கள்.

பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது என்று தெரிந்தேதான் வெளியிட்டார்கள். 2.7 பதிப்புக்கான ஆதரவை 2015-இல் நிறுத்துவதாக இருந்தது. பலர் இன்னும் மாறாததால் 2020 வரை தவணை நீண்டது. தவணை முடிந்தது, நிரல்கள் முடியவில்லை. பைத்தான் குழுவிடமிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வராத நிரலை எத்தனை நாள் ஓட்டுவது? யாராவது உட்கார்ந்து மாற்றித்தானே ஆக வேண்டும்.

இதில் சுலபமான பகுதியைக் கருவியே செய்துவிடும். திரையில் எழுதிக் காட்டும் 'பிரிண்ட்' கட்டளைக்குப் புதிய பதிப்பு கேட்கும் அடைப்புக்குறியைப் போடுவதற்கு மனிதர் தேவையில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. பைத்தான் 3-இல் 3.5. பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். இன்னொன்று: 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டால், யூடிஎஃப்-8 முறையில் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் ஒரு முறை) எழுதிய கோப்பில் பழைய பைத்தான் 15 என்று சேமிப்பு அலகுகளான பைட்டுகளை எண்ணிச் சொல்லும், புதியது 5 என்று, புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாகக் கணக்கிடும் யூனிகோட் குறிகளை எண்ணிச் சொல்லும். (மூன்றெழுத்து என்று நாம் சொல்வோம், அந்த வழக்கு தனி.) எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்று ஊகித்துத் திருத்துவது ஒட்டடை அடிக்கிற வேலையா, சொல்லுங்கள்.

அவள் தனியாகவும் இல்லை. இந்தப் பாதையில் முன்னே போனவர்கள் நிறைய விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஒரே நிரல் இரண்டு பதிப்பிலும் ஓட உதவும் 'சிக்ஸ்' என்ற லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) அதில் ஒன்று. இரண்டையும் மூன்றையும் பெருக்கிப் பெயர் வைத்திருக்கிறார்கள். யூனிகோட் உரை என்று காட்ட மேற்கோள் குறிக்கு முன் போடும் 'யு' முன்னொட்டு பைத்தான் 3-இல் நீக்கப்பட்டிருந்தது; அது மாறுவோருக்குத் தொல்லையாக இருந்ததால் 2012-இல் வந்த 3.3 பதிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: இணைய மன்றங்களில் கிடைக்கும் பழைய பதில்களின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல பதில்கள் சிபாரிசு செய்யும், பழைய நிரலைத் தானே மாற்றித் தரும் '2டு3' கருவி 3.13 பதிப்போடு வருவதில்லை.

உதவி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவன் ஒருவன், ஓடாத கோப்பை முழுவதுமாக இணைய மன்றத்தில் பொதுவில் ஒட்டி "தயவுசெய்து உதவுங்கள்" என்று எழுதியிருந்தான். வந்த முதல் பதில், "தரவுத்தளக் கடவுச்சொல்லை உடனே மாற்று." கோப்புக்குள் அதுவும் இருந்திருக்கிறது. நிறுவனத்தின் நிரலை வெளியே காட்டவே கூடாது. சிக்கலைப் பத்து வரியில் தானே புதிதாக எழுதி, எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போகிறாள், பிழைச் செய்தி முழுவதுமாக என்ன, எதையெல்லாம் முயன்று பார்த்தாள் என்று சேர்த்துக் கேட்கட்டும். அப்படிக் கேட்பவருக்குத்தான் முகம் தெரியாதவர்கள் நேரம் ஒதுக்குவார்கள். விடை கிடைத்ததும் எது பலித்தது என்று அங்கேயே எழுதிவிடவும் வேண்டும். பலர் நன்றிகூடச் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள்.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடம் இதையே செய்தால் தேங்கிப்போவாள். அதனால் இன்று இரவு அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நிரலை மாற்றுவதற்கு முன், அது சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எழுதுகிறீர்களா, இல்லை மாற்றிவிட்டு ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறீர்களா?" முன்னது என்றால் ஒரு வருடம் அங்கேயே இருக்கட்டும். பின்னது என்றால், அந்தச் சோதனைகளை எழுதும் பொறுப்பைத் தனக்குத் தரும்படி குழுத் தலைவரிடம் அவளே கேட்கட்டும். அவர் மறுத்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு வேலை தேடுவதைப் பற்றிப் பேசலாம்.