ஸ்கேன் படத்தில் அண்ணனின் நோய் தெரியுமா?

கேள்வி: மருத்துவ இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். என் அண்ணனுக்கு ஏழு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். நோய் இன்னதென்று உறுதியாவதற்கே மூன்று ஆண்டுகள் ஆயின. ஸ்கேன் படத்தைக் கொண்டே இந்நோயைக் கண்டறியும் வழியை உருவாக்க வேண்டுமென்று, மூளைப் படமெடுப்பில் பி.எச்டி. செய்ய விரும்புகிறேன். இது நடக்குமா? எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. நீங்கள் இத்துறைக்கு வர வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால், இப்போது மனத்தில் இருக்கும் தலைப்போடு வர வேண்டாம்.

1976-இல் லண்டன் நார்த்விக் பார்க்கில் ஈவ் ஜான்ஸ்டோன் குழுவினர், நெடுங்காலம் மருத்துவமனையிலேயே இருந்த 17 மனச்சிதைவு நோயாளிகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் நீர் நிரம்பிய அறைகள் அவர்களுக்குப் பெரிதாக இருப்பதைக் காட்டினர். இந்நோய்க்குத் தாயின் வளர்ப்பைக் குறைசொல்லும் கருத்து இன்னும் மறையாத அந்நாளில் அது பெரிய திருப்பம். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், எனிக்மா என்னும் பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு 2,028 நோயாளிகளின் படங்களை 2,540 நலமானவர்களின் படங்களோடு ஒப்பிட்டது. நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி நோயாளிகளுக்குச் சராசரியாகச் சிறுத்திருந்தது உண்மைதான். ஆயினும் இரு தரப்பின் அளவுகளையும் வரைபடமாகப் போட்டால் பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். ஆகவே ஒரு தனி மனிதரின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல இயலாது. உங்கள் அண்ணனுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தால், மூளையில் கட்டியோ அழற்சியோ இல்லை என்று உறுதிசெய்துகொள்வதற்காகவே அது இருந்திருக்கும். நோயைப் படத்திலேயே காட்டித் தருவதாக யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூளை இயங்குவதைப் படமாக்கும் செயல்சார் எம்.ஆர்.ஐ.யில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 1990-இல் சேஜி ஒகாவா விளக்கிய இரத்த ஆக்சிஜன் மாற்றத்தையே அது அளக்கிறது; அந்த மாற்றம் சில சதவீதத்தைத் தாண்டுவதில்லை, அதுவும் சுமார் ஐந்து விநாடி தாமதமாகவே வருகிறது. ஒரு முறை ஸ்கேன் அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல்கள் கேட்பதாகச் சொல்லும் ஓர் இளைஞர், அந்தக் குழாய்க்குள் இயந்திரத்தின் தடதடப்புக்கு நடுவே அசையாமல் கிடக்க அத்தனை முயன்றார். அவர் எச்சில் விழுங்கிய ஒவ்வொரு முறையும் கணினித் திரையில் கோடு துள்ளியது. நோயாளிகள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக அசைவார்கள் என்பதால், தலையின் அரை மில்லிமீட்டர் அசைவை நோயின் அடையாளம் என்று எண்ணி ஏமாந்துபோக இடமுண்டு. 2020-இல் 70 ஆய்வுக் குழுக்களிடம் ஒரே தரவைக் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னபோது, எந்த இரு குழுக்களும் முற்றிலும் ஒரே வழியில் பகுப்பாய்வு செய்யவில்லை. முடிவுகளும் பல இடங்களில் மாறுபட்டன.

ஆகவே சிறிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. மாதக்கணக்கில் ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்த்த பிறகே, மற்றவை பலிக்காதபோது தரும் க்ளோசபின் மருந்தைத் தொடங்குகிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், மூளையின் வேதிச் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன் மூலம் பார்த்தபோது, மருந்துக்குக் கட்டுப்படாதவர்களின் மூளையில், வழக்கமான மருந்துகள் குறிவைக்கும் வேதிப்பொருளான டோபமினின் உற்பத்தி, மருந்துக்குக் குணமாகிறவர்களிடம் உள்ளதுபோல் உயர்ந்திருக்கவில்லை. அப்படியானால் இவர்களிடம் மற்றொரு மூளை வேதிப்பொருளான குளுட்டமேட்டின் அளவு மாறியிருக்கிறதா என்பதை, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் கொண்டே வேதிப்பொருள்களை அளக்கும் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி கொண்டு அளக்கலாம். அந்த அளவீட்டைத் துல்லியமாக்குவது இயற்பியல் படித்தவரின் வேலை. அதில் தேறினால், எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்று தீர்மானிக்க ஒரு நாள் உதவும். உங்கள் வீடு இழந்த மூன்று ஆண்டுகளுக்கு இதுவே நெருக்கமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

நெறியாளரைத் தேடும்போது, இயந்திரத்தின் காந்த வலிமை எத்தனை டெஸ்லா என்பதற்கு முன், நோயாளிகளை அனுப்பும் மனநல மருத்துவர் அந்தக் குழுவில் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்கேனர் ஆய்வுக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் இவ்விரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பதால் அங்கு முதலில் விசாரிக்கலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றுவிட்டால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உள்ள உதவித்தொகை கிடைக்கும். வீட்டின் மருத்துவச் செலவுக்கிடையில் அது சிறிய ஆறுதல் அன்று.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கோப்ரே என்னும் திறந்த தரவுத் தொகுப்பில் 72 மனச்சிதைவு நோயாளிகளின் படங்களும் 75 நலமானவர்களின் படங்களும் உள்ளன. மூளைப் படங்களைப் பகுப்பாய்வு செய்யும் எஃப்.எஸ்.எல். மென்பொருளை இலவசமாக இறக்கி, அவற்றில் பத்துப் பேரின் படங்களையாவது ஒவ்வொன்றாகத் திறந்து, யார் எந்த நொடியில் எவ்வளவு அசைந்தார்கள் என்று குறித்து வாருங்கள். ஓரிரு வாரங்களுக்குப் பிறகும் பதினோராவது படத்தைத் திறக்க மனம் வந்தால், நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதத்தில் அந்தக் குறிப்புகளையும் இணைத்து அனுப்புங்கள்.